டிரில், கட்டர், வைப்ரேட்டருக்கு புளூடூத் பீக்கன் ஒட்டினால் தொலைவது நிற்குமா?

குழித்துறை கான்ட்ராக்டர்:

எல்லாருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்தைச் சுற்றி வீடு கட்டிக் கொடுக்கிற சின்ன கான்ட்ராக்டர் நான். இப்போது ஐந்து இடத்தில் வேலை ஓடுகிறது. கருங்கலில் இரண்டு, அருமனையில் ஒன்று, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் ஒன்று, களியக்காவிளை தாண்டி பாறசாலையில் ஒன்று. கொத்தனார், கையாள், கம்பி கட்டுகிறவர், தட்டடிக்கிறவர் என்று முப்பது பேர் வரை வருவார்கள். மிஷின் என்று பார்த்தால் கான்கிரீட் உடைக்கிற பிரேக்கர் 2, ஹேமர் டிரில் 4, கிரைண்டர் 6, மார்பிள் கட்டர் 3, கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்குகிற வைப்ரேட்டர் 2, அதன் ஹோஸ் முனையில் கான்கிரீட்டுக்குள் விடுகிற ஊசி 3, தண்ணீர் மோட்டார் 3, லேசர் லெவல் ஒன்று, மீதி ஒயர் போர்டு, சார்ஜர், பிட் பெட்டி. எல்லாம் சேர்த்தால் நாற்பதுக்குப் பக்கத்தில் வரும். இவ்வளவையும் ஒரே குட்டியானையில்தான் அங்கும் இங்கும் மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். அருமனையில் மேல்தளம் கான்கிரீட். காலை ஏழு மணிக்கு மிக்சர் வந்துவிட்டது, ஜல்லியும் எம்சாண்டும் முந்தின நாளே இறக்கியாகிவிட்டது, மேற்கே மழை கருத்துக்கொண்டு நிற்கிறது, வைப்ரேட்டர் மோட்டார் இருக்கிறது, 40 எம்எம் ஊசியைக் காணோம். ஆளுக்கொரு பக்கம் போன் போட்டோம். ஒருத்தர் கருங்கலில் இருக்கிறது என்கிறார், இன்னொருத்தர் பாறசாலையில் பார்த்தேன் என்கிறார். கடைசியில் மார்த்தாண்டம் போய் வாடகைக்கு எடுத்து வந்து வேலையைத் தொடங்கும்போது மணி ஒன்பதரை. அந்தப் பதற்றத்தில், கடைசியாக அதைக் கையில் வைத்திருந்த கையாளிடம் "எங்கே கொண்டுபோய் வைத்தாய்" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். கேட்ட விதமும் சரியில்லை. அவர் மறுநாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்று வாரம் கழித்து கருங்கல் சைட்டில், கட்டி முடிக்காத பாத்ரூமுக்குள், காலி சிமென்ட் சாக்குக்கு அடியில் ஊசி கிடந்தது. அதை வண்டியில் ஏற்றி அங்கே இறக்கியது நான் அனுப்பிய வேறொரு ஆள். அந்தக் கையாள் ஆறு வருடமாக என்னோடு இருந்தவர். எனக்கு அது மனதை விட்டுப் போகவே இல்லை.

அக்கா மகன் ஒருவன் புளூடூத் பீக்கன் என்று சின்னதாக ஒரு சிக்னல் கருவி வாங்கி ஒவ்வொரு மிஷினிலும் ஒட்டுங்கள் மாமா, போனில் எது எங்கே என்று தெரியும் என்கிறான். எனக்குச் சில சந்தேகம். சுவருக்கு அப்பால் இருந்தால் தெரியுமா? மழையில் நனைந்தால் என்ன ஆகும்? குலசேகரம் சைட்டில் நெட் சரியாகக் கிடைக்காது, அங்கே என்ன செய்வது? பேட்டரி எத்தனை நாள் வரும்? யாராவது நிஜமாகவே சைட்டில் பயன்படுத்திப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.


சர்க்யூட் நாகர்கோவில்:

அண்ணாச்சி, விற்கிறவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிற ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பீக்கனுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாது. அதற்குள் ஜிபிஎஸ் கிடையாது, சிம் கிடையாது. "நான் 17-ஆம் நம்பர், நான் 17-ஆம் நம்பர்" என்று சில விநாடிக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. பக்கத்தில் ஒரு போன் இருந்து அதைக் கேட்டால், அந்தப் போன் தன்னுடைய ஜிபிஎஸ் இடத்தையும் நேரத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ளும். ஆகவே ஆப்பில் "17, கருங்கல், மாலை 5.40" என்று வந்தால் மிஷின் இப்போது கருங்கலில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 5.40-க்கு கருங்கலில் ஒரு போன் அதைக் கேட்டது, அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான் தெரியும். உங்கள் ஊசி கதையில் அந்த ஒரு வரி இருந்திருந்தாலே போதும், மூன்று வாரம் ஆகியிருக்காது, அந்த மனிதரிடம் அப்படிக் கேட்டிருக்கவும் மாட்டீர்கள். அதனால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், எதிர்பார்க்க வேண்டியதை மட்டும் சரியாக எதிர்பாருங்கள்.

இது புளூடூத் லோ எனர்ஜி. 2010-இல் புளூடூத் 4.0-வோடு வந்தது, 2013-இல் ஆப்பிள் ஐபீக்கன் என்று ஒரு முறையைக் கொண்டுவந்த பிறகுதான் பீக்கன் என்ற பெயர் பரவியது. வைஃபை ஓடுகிற அதே 2.4 கிகாஹெர்ட்ஸ். அந்த அலைக்குத் தண்ணீர் என்றால் ஆகாது, இரும்பு என்றால் அறவே ஆகாது. வெட்டவெளியில் 30, 40 மீட்டர் தாராளமாகக் கேட்கும். இடையில் ஒரு செங்கல் சுவர், அப்புறம் ஒரு கான்கிரீட் தூண், நடுவில் இரண்டு ஆள் நின்றால் 10 மீட்டரே சந்தேகம். அன்றைக்குப் போட்ட கான்கிரீட்டும் நனைத்து விட்ட சுவரும் காய்ந்த சுவரைவிட மோசம், ஏனென்றால் உள்ளே தண்ணீர் நிற்கிறது.

ஆப்பில் "3 மீட்டர் தூரம்" என்று காட்டுவதையும் நம்பி நடக்காதீர்கள். அது சிக்னலின் பலத்தை வைத்துப் போடுகிற கணக்கு. ஒரு மீட்டரில் பலம் மைனஸ் 59 (டிபிஎம் என்கிற அளவில்) வந்தால், தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 குறைய வேண்டும், அதாவது 2 மீட்டரில் மைனஸ் 65, 10 மீட்டரில் மைனஸ் 79. புத்தகத்தில் அப்படி. சைட்டில் கம்பிக்கட்டிலும் தகர ஷெட்டிலும் பட்டுத் திரும்பி வருகிற அலை சேர்ந்துகொள்ளும்போது, மிஷினை அசைக்காமல் நீங்கள் மட்டும் திரும்பி நின்றாலே எண் 10 மாறும். எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்து தேடலாம். அதற்குமேல் அதனிடம் துல்லியம் கேட்க முடியாது.

பேட்டரிக்கு வருவோம். சாதாரணமாக வருவது சிஆர்2032 என்கிற காசு பேட்டரி, சுமார் 220 மில்லிஆம்ப் மணி. பீக்கன் சராசரியாக 25 மைக்ரோஆம்ப் இழுத்தால் 8800 மணி நேரம் வரும். ஒரு வருடத்துக்கு 8760 மணி. ஆகவே ஒரு வருடம். ஆனால் வாங்கியவுடன் பலதும் விநாடிக்குப் பத்து முறை கத்துகிற மாதிரி செட் செய்துதான் வரும், அப்படியே ஒட்டினால் ஓரிரு மாதத்தில் செத்துவிடும். இரண்டு விநாடிக்கு ஒருமுறை போதும் என்று மாற்றுங்கள். கொஞ்சம் தடிமனாக இருந்தாலும் பரவாயில்லை என்றால் சிஆர்2477 போடுகிற மாடல் எடுங்கள், அது 1000 மில்லிஆம்ப் மணிக்குப் பக்கத்தில் வரும். அசைந்தால் மட்டும் வேகமாகச் சொல்லி, சும்மா கிடக்கும்போது மெதுவாகச் சொல்கிற மாடலும் உண்டு, உங்களுக்கு அது பொருத்தம்.

நெட் இல்லாதது பிரச்சினையே இல்லை. பீக்கனுக்கு நெட் வேண்டாம், கேட்கிற போனுக்கும் கேட்கிற நேரத்தில் நெட் வேண்டாம். எழுதி வைத்துக்கொண்டு, நெட் கிடைக்கிற இடத்துக்கு வந்ததும் அனுப்பிவிடுகிற ஆப்பாகப் பார்த்து எடுத்தால் போதும்.

இதைவிட முக்கியமாக நான் சொல்ல வருவது உங்கள் குட்டியானையைப் பற்றி. மிஷின் எல்லாம் அதில்தானே மாறுகிறது? அப்படியானால் ஐந்து சைட்டிலும் ஆள் போட்டுக் கேட்க வேண்டாம். பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றை டிரைவர் கேபினில் சார்ஜரில் மாட்டி நிரந்தரமாக வையுங்கள். சைட்டில் ஏற்றியபோது என்ன கேட்டது, இறக்கிவிட்டுக் கிளம்பிய பிறகு எது கேட்காமல் போனது, இந்த இரண்டும் இருந்தால் எது எங்கே இறங்கியது என்று வந்துவிடும். அந்தப் போனில் லொகேஷன் எப்போதும் ஆன், அந்த ஆப்புக்கு பேட்டரி சேவர் ஆஃப், புதிய ஆண்ட்ராய்டு என்றால் அருகிலுள்ள சாதனங்கள் என்கிற அனுமதியும் கொடுத்திருக்க வேண்டும். இதில் ஒன்று விட்டாலும் ஆப் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடும், நீங்கள் பீக்கன் மட்டம் என்று நினைப்பீர்கள்.


தக்கலை வாடகைக் கடை:

நான் கட்டுமான மிஷின் வாடகைக்கு விடுகிறவன், இரண்டு வருடமாக பீக்கன் பயன்படுத்துகிறேன். மேலே தம்பி சொன்னது எல்லாம் சரி. ஒட்டுகிற இடத்தைப் பற்றி நான் சொல்கிறேன், காசு வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

கிரைண்டரில் கைப்பிடிப் பக்கம் பிளாஸ்டிக் உடம்பில் ஒட்டலாம், கியர் பெட்டிப் பக்கம் வேண்டாம், சூட்டில் பசை இளகிவிடும். காற்றுப் போகிற துவாரத்தை மறைக்கவே கூடாது. டிரில்லில் சுவிட்சுக்குக் கீழே. வெறும் இரும்பின் மேல் நேராக ஒட்டினால் பாதி சிக்னல் போய்விடும், இடையில் ஒரு இடைவெளி வேண்டும். நான் முதலில் பழைய டயர் ரப்பரை வெட்டி அடியில் வைத்தேன், சரிவரவில்லை. டயர் ரப்பரில் கார்பன் கலந்திருப்பதால் அதுவும் சிக்னலைக் குடிக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது பிவிசி பைப்பை நீளவாக்கில் பிளந்து, சூடாக்கித் தட்டையாக்கி, விரல் அகலத் துண்டாக வெட்டி வைக்கிறேன். அதன்மேல் பீக்கன், அதன்மேல் எபாக்சி. கழன்று விழுந்தது என்று ஒன்றுகூட இல்லை.

பிரேக்கர்தான் கஷ்டம். அந்த அதிர்ச்சியில் பேட்டரியைப் பிடிக்கிற தகடு விட்டு விட்டுத் தொடும், பீக்கன் செத்துச் செத்துப் பிழைக்கும். அதனால் பிரேக்கர் உடம்பில் ஒட்டுவதை விட்டுவிட்டேன், பிளக்குக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் ஒயரில் கட்டி, சூடாக்கினால் சுருங்கி இறுகுகிற ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டிருக்கிறேன். ஒயரை மாற்றினால் பீக்கனையும் எடுத்து மாட்ட வேண்டும், அந்த ஒரு தொல்லை உண்டு.

மழைக்கு ஐபி67 போட்டதாகப் பார்த்து வாங்குங்கள், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அதற்குப் பொருள். நம் மாவட்டத்தில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, அதில் குறைந்ததை வாங்கிப் பயனில்லை. கடற்கரைப் பக்கம் வேலை என்றால் உப்புக்காற்று இன்னும் மோசம். குளச்சலுக்கும் முட்டத்துக்கும் போய்வந்த என் பீக்கன்களில் பேட்டரி மாற்றத் திறந்தால் தகடு பச்சை பூத்திருக்கும். மாற்றும்போது துடைத்துவிட்டு ரப்பர் வளையத்தில் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவி மூடுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒட்டாதீர்கள். ரசமட்டம், தூக்குக்குண்டு, கரண்டி, மணியாசுக்கட்டை இதெல்லாம் கொத்தனாரின் சொந்தச் சாமான், அதில் நீங்கள் கைவைக்கக் கூடாது. சென்ட்ரிங் ஷீட்டுக்கும் ஜாக்கிக்கும் எண்ணிக்கைதான் வழி, பெயின்ட் அடித்து அடையாளம் வைத்தால் போதும். எது இல்லாவிட்டால் ஒரு நாள் வேலை நிற்குமோ அதற்கு மட்டும் ஒட்டுங்கள். உங்கள் பட்டியலில் இருபதுக்கு மேல் வராது.

இரும்புப் பெட்டி விஷயம் விட்டுப்போச்சு. சைட்டில் மிஷினைப் பூட்டி வைக்கிற தகரப் பெட்டி இருக்கிறதல்லவா, அதற்குள் போட்டு மூடினால் ஒன்றும் கேட்காது. ஒரு நாள் கடைக்கு முன்னாலேயே வைத்துப் பார்த்தேன். உள்ளே நாலு மிஷின். மூடி மூடியிருக்கும்போது போனைப் பெட்டி மேலேயே வைத்தாலும் ஒன்றோ இரண்டோதான் வந்து வந்து போகிறது. மூடியைத் தூக்கி இடையில் ஒரு உளியைச் செருகினேன், இரண்டு விரல் சந்து. நாலும் ஒவ்வொன்றாக வரிசையில் வந்துவிட்டன. அதற்குப் பிறகு பெட்டியின் பக்கவாட்டில் கைப்பிடிக்குக் கீழே ஒரு ஓட்டை வெட்டி பிளாஸ்டிக் தகடு வைத்து அடைத்திருக்கிறேன்.


குளச்சல் மேசிரி:

நான் மிஷின் வைத்திருக்கிறவன் இல்லை, மிஷினைக் கையில் பிடித்து வேலை செய்கிறவன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த பீக்கன் போட்ட ஒரு சைட்டில் வேலை செய்திருக்கிறேன், அதனால் எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

அங்கே என்ன செய்தார்கள் என்றால், எங்களுக்கு எதுவும் சொல்லாமல் ராத்திரியில் ஒட்டிவிட்டார்கள். ஒரு பையன் டிரில்லைத் துடைக்கும்போது அதைப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டான், யாரும் பதில் சொல்லவில்லை. நம்மைத் திருடன் என்று நினைக்கிறார்கள் என்ற பேச்சு அன்றைக்கே வந்துவிட்டது. அப்புறம் ஆப்பை எங்கள் போனிலும் போடச் சொன்னார்கள். லொகேஷன் எப்போதும் ஆன். ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போனாலும் மீன் வாங்கப் போனாலும் அந்த ஆப் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்றால் எதற்கு? என் போன், என் டேட்டா. நான் அதை எடுத்துவிட்டேன், கேட்டபோது நேராகவே சொல்லிவிட்டேன்.

அண்ணன் அந்தக் கையாளைப் பற்றி எழுதியதைப் படித்ததால்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் ஒட்டுவதாக இருந்தால் சனிக்கிழமை கூலி கொடுக்கிற நேரத்தில் எல்லாரையும் நிற்க வைத்துச் சொல்லுங்கள், ஒன்றைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள், இது மிஷினில்தான் இருக்கும், உங்கள் போனில் ஒன்றும் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். மிஷினைக் காணோம் என்றால் முதலில் கேட்கப்படுகிறவர்கள் நாங்கள்தான். எங்கே இறங்கியது என்று ஒரு கணக்கு இருந்தால் அதனால் அதிகம் பிழைப்பது நாங்கள், முதலாளி இல்லை. அதைப் புரிகிற மாதிரி சொன்னால் யாரும் எதிர்க்க மாட்டார்கள்.


திங்கள்சந்தை பிளம்பர்:

இதற்கெல்லாம் தனி பீக்கன் எதற்கு, ஆப்பிளின் ஏர்டேக் வாங்கிப் போட்டால் உலகம் முழுக்க உள்ள ஐபோன் கேட்டுச் சொல்லுமே? கூகுளுக்கும் இப்போது வந்துவிட்டது. நம்மிடம் கேட்கிற போன் வைக்க வேண்டியதே இல்லை. ஒரே ஒரு மிஷின் வைத்திருக்கிறேன், அதற்காகக் கேட்கிறேன்.


சர்க்யூட் நாகர்கோவில்:

ஒரே ஒரு மிஷின், அது எப்போதும் உங்கள் கையிலேயே இருக்கும் என்றால் அது நல்ல வழிதான், தாராளமாக வாங்குங்கள். முப்பது பேர் கைமாறுகிற மிஷினுக்குத்தான் நான் வேண்டாம் என்பேன்.

காரணம் இது. ஏர்டேக் 2021-இல் வந்தது, இங்கே அப்போது 3190 ரூபாய். அடுத்தவர் பையில் அதை ஒளித்து வைத்து ஆளைப் பின்தொடர்கிறார்கள் என்ற புகார் வந்ததால், சொந்தக்காரரின் போன் பக்கத்தில் இல்லாமல் 8 முதல் 24 மணி நேரம் ஆகிவிட்டால் அசைக்கும்போது அதுவே சத்தம் போடும்படி மாற்றினார்கள். கூடவே போகிறவரின் போனிலும் "தெரியாத டிராக்கர் உங்களோடு வருகிறது" என்று எச்சரிக்கை வரும். 2023 முதல் ஆண்ட்ராய்டிலும் வருகிறது, 2024 மே மாதத்தில் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்தே இதற்கு ஒரு பொதுமுறை கொண்டுவந்துவிட்டன. அது சரியான ஏற்பாடு, இருக்கத்தான் வேண்டும். ஆனால் நம் கொத்தனார் டிரில்லைப் பையில் போட்டு அருமனையிலிருந்து குலசேகரத்துக்கு பஸ்ஸில் போகும்போது அவர் போனில் அப்படி ஒரு எச்சரிக்கை வந்தால் என்ன நினைப்பார்? குளச்சல் அண்ணன் சொன்ன அதே மனக்கசப்புதான்.

இன்னொன்று, கூகுளின் முறையில் வழக்கமான செட்டிங் ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடத்துக்கானது. பல போன்கள் சேர்ந்து கேட்டால்தான் இடத்தைச் சொல்லும். வடசேரி பஸ் ஸ்டாண்டில் பிரமாதமாக வேலை செய்யும். ரப்பர் தோட்டத்துக்கு நடுவே விடியற்காலையில் பால் வெட்டுகிற ஒருவர் கடந்து போனதை வைத்து அது பதில் சொல்லாது.

ஹில்டி, மில்வாக்கி, டிவால்ட் போன்ற கம்பெனிகள் தங்கள் மிஷினுக்கென்று சொந்தமாகவே டிராக்கிங் வைத்திருக்கின்றன. எல்லாமே ஒரே கம்பெனி மிஷின் என்றால் அதைப் பார்க்கலாம். நம் ஊர் கான்ட்ராக்டரிடம் ஐந்து கம்பெனி மிஷின் கலந்து கிடக்கும், அதனால் ஐபீக்கன் வகையில் பொதுவானதை வாங்குவதுதான் நல்லது.

அண்ணாச்சிக்கு ஒரு விஷயம் விட்டுவிட்டேன். ஐபீக்கனில் மேஜர், மைனர் என்று இரண்டு எண் கொடுக்கலாம், இரண்டும் 0 முதல் 65535 வரை. மேஜரை மிஷின் வகைக்கு வையுங்கள், 1 என்றால் டிரில், 2 என்றால் கிரைண்டர், இப்படி. மைனர் அந்த மிஷினின் நம்பர். அதே நம்பரை மிஷின் மேல் பெயின்ட்டிலும் எழுதுங்கள். சைட் நம்பரை மேஜருக்குக் கொடுக்காதீர்கள், மிஷின் சைட் மாறும்போதெல்லாம் மாற்ற வேண்டிவரும். இந்த எண்ணை யார் போனிலும் கேட்கலாம், அதற்குப் பூட்டு கிடையாது. ஆகவே வேண்டுமென்றே எடுத்துப்போகிறவர் பீக்கனைப் பிடுங்கி எறிய ஒரு நிமிடம் போதும். இது மறதிக்கு மருந்து. திருட்டுக்குப் பெட்டியும் பூட்டும்தான்.


குழித்துறை கான்ட்ராக்டர்:

இரண்டு மாதம் ஆகிவிட்டது, செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் இருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

22 பீக்கன் வாங்கினேன், அக்கா மகன்தான் இரண்டு விநாடி செட்டிங் எல்லாம் செய்தான். தக்கலை அண்ணன் சொன்ன பிவிசி முறையில்தான் ஒட்டினோம். ஒட்டுவதற்கு முந்தின சனிக்கிழமை கருங்கல் சைட்டில் எல்லாரையும் வரச்சொல்லிக் கூலி கொடுத்துவிட்டு, ஒரு பீக்கனைக் கையில் எடுத்துக் காட்டி, குளச்சல் மேசிரி எழுதிய மாதிரியே சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கம்பி கட்டுகிற ஒரு பையன், அப்படியானால் கிரைண்டர் எங்கே என்று என்னை யாரும் கேட்க மாட்டீர்களா என்றான். கேட்க மாட்டோம், வண்டிக்காரரைத்தான் கேட்போம் என்றேன். எல்லாரும் ஒட்டச் சொல்லிவிட்டார்கள்.

முதல் வாரம் குழப்பம்தான். வண்டியில் வைத்த போன் மதிய வெயிலில் சூடாகி அணைந்துவிட்டது. டேஷ்போர்டு மேல் வைத்திருந்தோம், இப்போது சீட்டுக்குப் பின்னால் கண்ணாடிக்குக் கீழே நிழலில் வைத்திருக்கிறோம். வண்டி சைட்டில் நிற்கும்போது ஷெட்டுக்குள் இருக்கிற மிஷினும் கேட்கும், அதனால் ஏற்றாததையும் ஏற்றியதாகக் காட்டியது. இதற்கு அக்கா மகன் ஒரு வழி செய்தான்: வண்டி கிளம்பி அரை கிலோமீட்டர் போன பிறகும் கேட்பது எதுவோ அது மட்டும்தான் வண்டியில் இருக்கிறது என்று கணக்கு. அதற்குப் பிறகு சரியாக வருகிறது.

சாயங்காலம் வேலை முடிந்ததும் டிரைவர் அந்தப் போனை எடுத்துக்கொண்டு மிஷின் குவித்து வைத்திருக்கிற இடத்தில் அரை நிமிடம் நிற்கிறார். முதலில் நடந்துகொண்டே பார்த்தார், இரண்டு மூன்று விட்டுப்போகும். நின்றால் எல்லாம் வந்துவிடுகிறது. பட்டியல் எனக்கு வாட்ஸ்அப்பில் வரும். காலை ஆறரைக்கு டீ குடிக்கும்போது அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்று சொல்கிறேன். முன்பெல்லாம் அந்த நேரத்தில் ஏழெட்டு போன் போட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு தடவை லேசர் லெவல் எங்குமே இல்லை. கடைசியாகக் கேட்டது பாறசாலையில், வியாழன் மதியம் 3.10. டிரைவரும் நானும் அங்கே போய் ஒவ்வொரு அறையாகப் பார்த்தோம், போனில் ஒன்றும் வரவில்லை. மாடிப்படிக்குக் கீழே வந்தபோது மைனஸ் 94 என்று ஒரு தடவை வந்து போனது. அங்கே இரும்பு டிரம் ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. நிமிர்த்தினால் அதற்கு அடியில் மஞ்சள் பை, பைக்குள் லெவல். மழை வந்தபோது நனையக் கூடாது என்று யாரோ பத்திரமாக மூடி வைத்திருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. அவர் நல்லதற்குத்தான் செய்திருக்கிறார்.

அந்தக் கையாள் வீட்டுக்கு நான் போயிருந்தேன், ஊசி கிடைத்த விஷயத்தைச் சொன்னேன், தப்பு என்னுடையது என்று அவர் வீட்டம்மா முன்னாலேயே சொன்னேன். அவர் அப்போது வேறு ஒருத்தரிடம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த வேலை முடிந்து போன திங்கட்கிழமை அருமனைக்கு வந்துவிட்டார். முதல் நாளே அந்த 40 எம்எம் ஊசியை எடுத்துப் பார்த்துவிட்டு, இதில் ஏன் ஒட்டவில்லை என்று கேட்டார். உண்மையில் ஒட்டிப் பார்த்தோம், தக்கலை அண்ணா. ஹோஸில் மோட்டார் மாட்டுகிற பக்கம் இரும்பு முனைக்குப் பக்கத்தில் கட்டினோம், இரண்டாவது கான்கிரீட்டிலேயே சாந்து ஒட்டி, இழுபட்டு, பிய்ந்துபோய்விட்டது. ஊசிப் பக்கம் கான்கிரீட்டுக்குள் போகும், அங்கே கட்டவே முடியாது. இதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?


தக்கலை வாடகைக் கடை:

ஹோஸில் வெளியே கட்டினால் நிற்காது, நானும் மூன்று தொலைத்தேன். மோட்டார் முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஹோஸ் மேல் சைக்கிள் டியூபை இறுக்கமாக ஒரு சுற்று சுற்றி அதன்மேல் பீக்கன், அதற்குமேல் ஒட்டுகிற பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் டியூப், அதைவிட ஒரு அங்குலம் இரண்டு பக்கமும் நீளமாக. சைக்கிள் டியூப் அடியில் மட்டும்தான், பீக்கனுக்கு மேலே வரக் கூடாது, நான் முன்னால் சொன்ன கார்பன் விஷயம்தான்; அடியில் இருந்தாலும் கொஞ்சம் குடிக்கும், ஆனால் இங்கே பிடிமானம் வேண்டும். சூடாக்கும்போது பீக்கன் மேல் நேராகக் காட்டாதீர்கள், இரண்டு ஓரத்திலும் மட்டும் காட்டுங்கள், பேட்டரி சூட்டைத் தாங்காது. வேலை முடிந்ததும் சாந்து காயும் முன் அந்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள். தக்கலைப் பக்கம் வரும்போது ஊசியைக் கொண்டு வாருங்கள், கடை திறந்திருக்கும், நானே மாட்டித் தருகிறேன்.